எந்த மாட்டுப் பால்னு கேக்காதீங்க, எத்தனை மணிக்குக் காய்ச்சின பால்னு கேளுங்க

கொஞ்சம் நீளமான இழை. ஒண்ணுலேருந்து மூணு வயசுக்குள்ள குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க பொறுமையா படிங்க. வீட்டுல பாட்டி, தாத்தா இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. பல வீடுகள்ல பால் டிபார்ட்மென்ட் அவங்க கையிலதான் இருக்கு.

இந்த வாரம் ஒரே வீடியோவை நிறைய பேர் எனக்கு அனுப்பியிருக்கீங்க. ஒரு பண்ணை, பின்னாடி தென்னந்தோப்பு, கண்ணாடி பாட்டில். கறந்த பாலை நுரையோட அப்படியே ஒரு ரெண்டு வயசுக் குழந்தைக்குக் கொடுக்கிறார் ஒருத்தர். "காய்ச்சினா சத்து செத்துடும், நம்ம முன்னோர் இப்படித்தான் குடிச்சாங்க" என்று பேச்சு. கடைசியில் லிட்டர் விலையும் வாட்ஸ்அப் நம்பரும். கூடவே உங்க கேள்வி: "டாக்டர், நம்ம பாப்பாவுக்கும் கொடுக்கலாமா?"

கூடாது. ஒரு ஸ்பூன்கூட கூடாது. நாட்டு மாடா இருந்தாலும் சரி, நீங்களே வளர்க்கிற மாடா இருந்தாலும் சரி.

முதல்ல இந்த முன்னோர் கதையை முடிச்சுடுவோம். புது வீட்டுக்குக் குடி போறப்போ முதல் வேலையா என்ன செய்யறோம்? பால் காய்ச்சறோம். பொங்கி வழியணும்னு காத்திருக்கோம். பால் என்றாலே காய்ச்சினது என்றுதான் இந்த ஊர்ல அர்த்தம். பச்சைப்பால் அபிஷேகத்துக்குப் போச்சு, பாம்புப் புத்துக்குப் போச்சு. தொட்டில் குழந்தைக்குப் போகலை. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல உங்க பாட்டி காலையில கறந்ததைக் காய்ச்சினாங்க, சாயங்காலம் மறுபடி சூடு பண்ணினாங்க, மிச்சத்தை ராத்திரி உறை ஊத்திட்டாங்க. தயிராகிப் புளிச்சா பெரும்பாலான நோய்க் கிருமிகளால் அதுல வளர முடியாது. நுண்ணுயிரியல் படிக்காமலேயே சரியான பாதுகாப்பு முறையைக் கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. அதை விட்டுட்டு, அவங்க செய்யாத ஒண்ணை அவங்க பேர்ல விக்கிறாங்க. எனக்குக் கோபமே அங்கதான்.

பச்சைப்பால்ல என்ன இருக்கலாம்? சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர், சில வகை ஈ.கோலை, லிஸ்டீரியா, மாட்டுக் காசநோய்க் கிருமி, புரூசெல்லா. இந்த ஈ.கோலை வகைகள்ல ஒண்ணு, சின்னக் குழந்தைகளுக்கு ரத்தபேதியில் ஆரம்பிச்சு சிறுநீரகம் செயலிழக்கிற வரைக்கும் கொண்டுபோகும். புரூசெல்லா வேற ரகம். வாரக்கணக்கா விட்டு விட்டுக் காய்ச்சல், வேர்வை, மூட்டு வலி. டைஃபாய்டு, மலேரியான்னு எல்லா டெஸ்ட்டும் எடுத்து முடிச்ச பிறகுதான் பல பேர் "வீட்ல மாடு இருக்கா? பச்சைப்பால் குடிப்பீங்களா?" என்ற கேள்விக்கே வருவாங்க. இது புத்தகத்துல மட்டும் இருக்கிற நோயில்லை. 2019-ல் மத்திய அரசு கோமாரியையும் புரூசெல்லாவையும் கட்டுப்படுத்தத் தனித் திட்டமே ஆரம்பிச்சது. பெண் கன்னுக்குட்டிகளுக்கு 4 முதல் 8 மாசத்துக்குள்ள தடுப்பூசி போடறாங்க. நோய் இல்லாத ஊர்ல யாரும் ஊசி போட மாட்டாங்க.

மாடு பார்க்க ஆரோக்கியமா இருக்கும், பால் வெள்ளையா இருக்கும், வாசம் நல்லா இருக்கும். கிருமி இருந்தா கண்ணுக்குத் தெரியுமா? அப்புறம் மடி, சாணம், கறக்கிற கை, கேன், ஈ. பண்ணை எவ்வளவு அழகா இருந்தாலும் மாட்டுக்கு மடியும் வாலும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு.

"காய்ச்சினா என்சைம் எல்லாம் போயிடும்." ஆமா, போகும். அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ்னு பால்ல ஒரு என்சைம் இருக்கு. அது அழிஞ்சுடுச்சான்னு பார்த்துத்தான் பால் ஒழுங்கா பாஸ்ச்சரைஸ் ஆச்சான்னே ஆலையில உறுதி பண்றாங்க. அது உங்க குழந்தைக்கு எந்த வேலைக்கும் தேவைப்படாது. பால் செரிக்க வேண்டிய லாக்டேஸ் குழந்தையோட குடல்ல இருக்கு, பச்சைப்பால்ல இல்லை. காய்ச்சறதால சில பி வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், உண்மை. கால்சியம் எங்கயும் போகாது, புரதமும் போகாது. அந்தக் கொஞ்சம் வைட்டமினை ஒரு இட்லியும் கொஞ்சம் பருப்பும் ஈடு கட்டிடும்.

அடுத்து ஏ2. இதைக் கேக்காத நாளே இல்லை. பால்ல இருக்கிற பீட்டா கேசீன் புரதம் 209 அமினோ அமிலங்கள் கோர்த்த சங்கிலி. 67-வது இடத்துல ஹிஸ்டிடின் இருந்தா ஏ1, புரோலின் இருந்தா ஏ2. வித்தியாசம் அவ்வளவுதான். நம்ம நாட்டு மாடுகள் பெரும்பாலும் ஏ2, சரி. எருமையும் ஏ2தான். ஆனா எருமைப் பாலை யாராவது கண்ணாடி பாட்டில்ல ஊத்தி மூணு மடங்கு விலைக்கு 'ஏ2' ஒட்டி விக்கிறாங்களா? ஏ1 பாலால நோய் வருதுங்கிற வாதத்தை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் விரிவா பரிசீலிச்சது. காரண காரியத் தொடர்பு நிறுவப்படலைன்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல 2024 ஆகஸ்டில், பாக்கெட் மேல ஏ1, ஏ2ன்னு போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. சில நாள்லயே திரும்ப வாங்கிடுச்சு. ஏன் வாங்கினாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் எல்லாம் உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனங்கள். கன்னு குடிச்சது போக மிஞ்சறது ரொம்பக் கொஞ்சம். நகரத்துல தெருவுக்கு ஒருத்தர் 'சுத்தமான நாட்டு மாட்டுப் பால்' விக்கிற அளவுக்கு அந்த மாடுகள் எங்க இருக்குன்னு கேளுங்க. அந்த இனங்கள் பிழைக்கணும்னு எனக்கும் ஆசைதான். அதுக்குக் குழந்தை வயித்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

வாசலுக்கு வந்து ஊத்துற பால்காரர் மேல எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் "அப்படியே குடி"ன்னு என்னைக்கும் சொன்னதில்லை. அவர் பாலை வாங்குங்க, பொங்க விட்டுக் காய்ச்சுங்க. பொங்கின உடனே அடுப்பை அணைச்சுடாம, குறைச்சு வச்சு, கரண்டியால கிளறி ரெண்டு மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. ஆடை மேல எழும்பினா உள்ள எல்லாம் கொதிச்சுடுச்சுன்னு அர்த்தமில்லை.

பாக்கெட் பால்? ஆலையிலேயே 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கி உடனே குளிர வச்சதுதான் அது. தியரிப்படி திரும்பக் காய்ச்சவே தேவையில்லை. ஆனா அந்தப் பாக்கெட் விடியக்காலை மூணு மணிக்குக் கடை வாசல்ல பெட்டியில இறங்கி, அஞ்சு மணிக்கு உங்க கேட்ல தொங்குற பைக்கு வந்து, ஏழரைக்கு நீங்க கதவைத் திறக்கிற வரைக்கும் வெளியில கிடக்கு. அதனால குழந்தைக்கு ஒரு தடவை காய்ச்சிடுங்க. ஒரு தடவை. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை அடுப்புல ஏத்தி ஏத்தி இறக்கறது வேண்டாம்.

"பாக்கெட் பால்ல யூரியா, சோப்பு, கெமிக்கல்" என்று வரும் ஃபார்வர்டுக்கும் பதில் சொல்லிடறேன். 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகள் எடுத்துச் சோதிச்சது. பாக்கெட்டும் உண்டு, சில்லறைப் பாலும் உண்டு. கலப்படம் கண்டுபிடிச்சது 12-ல். ஆனா 368 மாதிரிகள்ல அஃப்ளடாக்சின் எம்1 வரம்புக்கு மேல இருந்தது, அதுல தமிழ்நாடு முன்வரிசையில. இது பூஞ்சை நஞ்சு. பூஞ்சை பிடிச்ச புண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்னா பாலுக்கு வந்துடும். காய்ச்சினாலும் போகாது. நாட்டு மாடா, சீமை மாடான்னு பார்க்காது. நாம அரசாங்கத்தைக் கேள்வி கேக்க வேண்டிய இடம் இதுதான்: தீவனத்தை யார் சோதிக்கிறாங்க, எவ்வளவு அடிக்கடி? இதைப் பத்தி எனக்கு இதுவரைக்கும் ஒரு ஃபார்வர்டுகூட வந்ததில்லை.

சரி, காய்ச்சியாச்சு. எங்க ஓபிக்கு வர்ற வாந்தி பேதிக் குழந்தைகள்ல பல பேர் வீட்டுல பால் காய்ச்சித்தான் இருக்கும். தப்பு அதுக்கப்புறம் நடந்திருக்கும்.

பெரிய குற்றவாளி பிளாஸ்க். ராத்திரி பத்து மணிக்குச் சூடா ஊத்தி தலைமாட்டுல வச்சுக்கறீங்க, குழந்தை மூணு மணிக்கு அழுதா எழுந்து அடுப்பங்கரைக்குப் போக வேண்டாமேன்னு. அலுப்பு புரியுது. ஆனா சில கிருமிகள், பேசில்லஸ் செரியஸ் மாதிரி, விதை மாதிரி ஒரு கூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கொதியில அது சாகாது. பால் 60 டிகிரிக்குக் கீழ இறங்கினதும் முளைக்க ஆரம்பிக்கும். மூணு மணிக்கு நீங்க கையில விட்டுப் பார்த்து "இதமா இருக்கு"ன்னு கொடுக்கறீங்களே, அந்தச் சூடு அதுக்கும் ரொம்ப இதம். நல்ல சூழல்ல ஒரு கிருமி 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ரெண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்க, அஞ்சு மணி நேரத்துல ஒண்ணு 32,768.

"மறுபடி கொதிக்க வச்சுட்டா சரியாப் போயிடுமே?" போகாது. சில கிருமிகள் விட்டுட்டுப் போற நஞ்சு கொதியைத் தாங்கும். "திரியலையே, நல்லாத்தானே இருக்கு?" அதுவும் ஏமாத்து. பாலைத் திரிய வைக்கிற கிருமி வேற, குழந்தையைப் படுக்க வைக்கிற கிருமி வேற. ரெண்டாவது ரகம் வாசனையோ ருசியோ காட்டாமலேயே இருக்கும்.

அதனால நான் சொல்ற முறை இது. குழந்தைக்கு வேண்டிய பாலை மட்டும் தனியா ஒரு சின்ன மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்துல எடுத்து வைங்க. வீட்டுல காபிக்குத் திறக்கிற பாத்திரமும் இதுவும் ஒண்ணா இருக்கக் கூடாது. காய்ச்சின பாத்திரத்தை ஒரு அகல தட்டுத் தண்ணியில வச்சு ஆற விடுங்க, சீக்கிரம் ஆறும். ஆறினதும் ஃபிரிட்ஜ். கதவுல இருக்கிற தட்டுல வேண்டாம், திறக்கத் திறக்க சூடாகிற இடம் அது. உள்ளே பின்பக்கமா, பச்சை மீன், கறிக்குக் கீழ வராதபடி. 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சிடுங்க. கேக்கிறப்போ ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஊத்தி ஒரு தடவை சூடு பண்ணுங்க. குழந்தை குடிச்ச மிச்சத்தைத் திரும்பப் பாத்திரத்துல ஊத்தாதீங்க. எச்சில் பட்ட பால் ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது. நீங்க குடிச்சுடுங்க, இல்லைன்னா செடிக்கு ஊத்துங்க. "பாலைக் கொட்டக் கூடாது"ன்னு அதே பாலைச் சாயங்காலம் கொடுக்கறதைவிட அது தேவலை.

வெளியில வச்ச பால் ரெண்டு மணி நேரம். சித்திரை வெயில்ல ஒரு மணி நேரம். கரண்ட் போனா ஃபிரிட்ஜைத் திறக்காம இருங்க, நாலு மணி நேரம் வரைக்கும் பிடிச்சு நிக்கும். ஃபிரிட்ஜே இல்லையா? ஒண்ணும் குறைஞ்சு போகலை. ரெண்டு வேளையும் கால் லிட்டரா வாங்குங்க, காய்ச்சுங்க, கொடுங்க, மிச்சத்தை உறை ஊத்துங்க. ரயில் பயணத்துக்கு பிளாஸ்க் பாலுக்குப் பதிலா சின்ன டெட்ரா பேக். அதுல பிரிசர்வேட்டிவ் போடறாங்கன்னு பயப்படாதீங்க. 135 டிகிரிக்கு மேல சில நொடி சூடாக்கி, கிருமி நீக்கின டப்பாவுல அடைக்கறாங்க, அவ்வளவுதான் ரகசியம். திறந்த பிறகு அதுவும் சாதா பால்தான்.

பாட்டில். பால் புட்டிக்கு விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு 1992-லேயே இந்த நாட்டுல சட்டம் இருக்கு. அவ்வளவு தூரம் யோசிச்சுத் தடை பண்ணின பொருள் எப்படி ஒவ்வொரு பிறந்தநாள் கிஃப்ட்லயும் வருதுன்னு எனக்குப் புரியலை. அந்த நிப்பிள் இடுக்குல காய்ஞ்சிருக்கிற பாலை ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. வாயில வச்சுக்கிட்டே தூங்கின குழந்தைகளோட முன் பல்லெல்லாம் கறுத்து உதிர்ந்து போறதைப் பல் டாக்டர்கள் தினம் பார்க்கிறாங்க. ஒரு வயசு ஆச்சுன்னா டம்ளர். சிந்தும். சிந்தட்டும்.

இப்போ எனக்கு முக்கியமான இடத்துக்கு வர்றேன். கிருமிக்குப் பயந்தவங்ககூட இதுக்குப் பயப்படறதில்லை: அளவு.

ஓபியில நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற குழந்தை ஒண்ணு உண்டு. ஒண்ணே முக்கால் வயசு, கொழுகொழுன்னு இருக்கும், பார்த்தா யாரும் நோயாளின்னு சொல்ல மாட்டாங்க. ஆனா உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 5, 6. பெரியவங்களுக்கு இருந்தா நடக்க முடியாது. "என்னம்மா சாப்பிடறான்?"ன்னு கேட்டா அம்மா சொல்ற பதில் எப்பவும் ஒரே மாதிரி: "சோறே இறங்க மாட்டேங்குது டாக்டர். பாலாவது குடிக்கிறானேன்னு கொடுத்துடறேன்." எவ்வளவுன்னு கணக்குப் போட்டா ஒரு லிட்டர், ஒண்ணே கால் லிட்டர்.

சோறு இறங்காததால பால் கொடுக்கலை, தாயே. பால் கொடுக்கறதாலதான் சோறு இறங்கலை. அந்த வயசுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1000 கலோரி. ஒரு லிட்டர் பால்லயே 600, 650 வந்துடுது. வயித்துல இடம் ஏது? இரும்புச்சத்து தினம் 7, 8 மில்லிகிராம் வேணும். ஒரு லிட்டர் பசும்பால்ல அரை மில்லிகிராம் தேறினாலே பெரிசு. போதாததுக்குப் பால்ல இருக்கிற கால்சியமும் கேசீனும் மத்த சாப்பாட்டுல இருந்து வர்ற இரும்பையும் குடல்ல ஏற விடாம தடுக்கும். இரும்பு குறைஞ்சா பசியும் குறையும், பசி குறைஞ்சா மறுபடி பாலே கதி.

இது வெறும் ரத்தக் கணக்கு இல்லை. மூளை வேகமா வளர்ற வயசுல இரும்பு குறைஞ்சா கவனமும் கத்துக்கறதும் அடி வாங்கும். அந்த இழப்பை அப்புறம் டானிக் கொடுத்து முழுசா மீட்டுட முடியும்னு சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதுக்கு முந்தின ஆய்வுல 51. கூடியிருக்கு. எல்லாத்துக்கும் பால்தான் காரணம்னு நான் சொல்லலை. வறுமை இருக்கு, குடல்புழு இருக்கு, தாய்க்கே ரத்தசோகை இருக்கு. ஆனா காசு கொடுத்து ஏ2 பால் வாங்கற வீட்டுக் குழந்தை ரத்தசோகையோட வர்றதுக்கு வறுமை காரணமில்லையே.

ஒரு வயசுக்கு மேல ஒரு நாளைக்கு 400, மிஞ்சிப் போனா 500 மில்லி. தயிரும் மோரும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. உங்க வீட்டு டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும்னு ஒரு தடவை அளந்து பாருங்க, பல பேருக்குத் தெரியாது. பால் சாப்பாட்டுக்கு அப்புறம், முன்னாடி இல்லை. ராத்திரி எழுப்பிக் கொடுக்கறதை நிறுத்துங்க. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைன்னா ரெண்டு வயசு, அதுக்கு மேலயும் தாராளமா தொடரலாம். மாட்டுப் பாலே கட்டாயமில்லை. ஒரு வயசு ஆகறதுக்கு முன்னாடி பசும்பாலை முக்கிய ஆகாரமா ஆக்காதீங்க, குடல்ல கண்ணுக்குத் தெரியாம ரத்தம் கசியலாம், சிறுநீரகத்துக்கும் சுமை.

தண்ணி கலக்காதீங்க. "கெட்டிப் பால் செரிக்காது"ங்கிற பேச்சுக்கு ஆதாரமில்லை. கலக்கிறப்போ சத்து பாதியாகுது, காய்ச்சாத தண்ணியில இருந்து கிருமி கூடுது. ரெண்டு வயசு வரைக்கும் கொழுப்பு நீக்கின பாலும் வேண்டாம். பாக்கெட் நிறத்தைப் பார்க்கறதைவிட மேல எழுதியிருக்கிற கொழுப்பு சதவீதத்தைப் பாருங்க. சர்க்கரை, மால்ட் பவுடர் எதுவும் தேவையில்லை. அந்த பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்'னு வகைப்படுத்தி விக்கக் கூடாதுன்னு 2024-ல் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிடுச்சு.

பாலைக் குறைச்சா முதல் மூணு நாலு நாள் வீடு ரணகளமாகும். அழும், தட்டைத் தள்ளும், மாமியார் "குழந்தையைப் பட்டினி போடறா"ன்னு சொல்வாங்க. சொல்லட்டும், வேணும்னா இந்த இழையைக் காட்டி டாக்டர் மேல பழியைப் போடுங்க. அந்த நாள்கள்ல பசிக்கிற நேரம் பார்த்துக் கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம், முட்டை, மீன், ஈரல், கீரை, பொட்டுக்கடலை மாவு என்று வைங்க. கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ இருந்தா இரும்பு நல்லா ஏறும். டீ, காபி ஒரு வாய்கூட வேண்டாம், அதுவும் இரும்பைத் தடுக்கும்.

உங்க குழந்தை இப்போ தினம் அரை லிட்டருக்கு மேல பால் குடிக்குதுன்னா இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பார்த்துடுங்க. காசில்லை. 11-க்குக் கீழ இருந்தா டாக்டர் சொல்ற அளவுல இரும்புச் சொட்டு மருந்து. அதைப் பால்ல கலந்து கொடுக்காதீங்க. பாலுக்கும் மருந்துக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. மலம் கறுப்பா போகும், அதுக்குப் பயந்து பாதியில நிறுத்தாதீங்க.